கிழங்கைச் சோற்றுக் கணக்கில் வையுங்கள்

சர்க்கரை நோய் என்று தெரியவந்த வாரத்திலேயே, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகும் விதி ஒன்று உண்டு: "மண்ணுக்கு அடியில் விளைவதைத் தொடாதீங்க." நினைவில் வைத்துக்கொள்ள எளிது, சமையலறையில் கணக்குப் போடும் வேலையும் இல்லை. அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. அதை அப்படியே கடைப்பிடித்தால் முள்ளங்கிச் சாம்பாரை விலக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, வேர்க்கடலை எதுவும் கூடாது. நெல்லும் கோதுமையும் மண்ணுக்கு மேலே விளைகின்றன, ஆகவே சோறும் பூரியும் தாராளமாகப் போகலாம். இந்த விதி பல வீடுகளில் அப்படித்தான் நடைமுறையில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்தக் குறையைத் தீர்க்க இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்கிறவர்களை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். அவர்களுடைய சர்க்கரை இறங்குவதில்லை. "கிழங்கையே விட்டுட்டேன், அப்பவும் குறையலியே" என்று மனம் நொந்துபோகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் அந்த விதியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறேன். மாவு நிறைந்த கிழங்கைக் காய்கறியாக எண்ணாதீர்கள், சோறாக எண்ணுங்கள். தட்டில் அது வருகிற அளவுக்குச் சோறு குறையட்டும். மாவு குறைந்த வேர்க்காய்களான முள்ளங்கி, கேரட், டர்னிப், பீட்ரூட் ஆகியவை காய்கறிப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எந்தக் கிழங்கில் எவ்வளவு

ஒரு செடி அடுத்த பருவத்துக்கான உணவைச் சேமித்து வைக்கும் இடம் கிழங்கு. உருளை, சேனை, சேம்பு, வள்ளி ஆகியவை அந்த உணவை மாவாகச் சேமிக்கின்றன. முள்ளங்கியும் கேரட்டும் பெரும்பகுதி நீரும் நாரும் கொஞ்சம் சர்க்கரையும்தான். எல்லாமே மண்ணுக்குள்தான் இருக்கின்றன என்றாலும் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

அளவு தெரிய வேண்டுமானால் முதலில் சோற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 200 மில்லி கப்பில் தளர நிரப்பினால் 150 கிராம் சோறு பிடிக்கும், அதில் 42 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கிழங்குகளைப் பார்ப்போம். 100 கிராம் உருளைக்கிழங்கில், அதாவது நடுத்தர அளவில் ஒன்றில், சுமார் 17 கிராம் இருக்கிறது. அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவான சோற்றுக்கு அது சமம். சேனைக்கிழங்கு 18 கிராமோடு ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது. சேப்பங்கிழங்கு 21 கிராம், சர்க்கரைவள்ளி இரகத்தைப் பொறுத்து 20 முதல் 24 கிராம் வரை. இவை அரைக் கப் சோற்றுக்கு இணை. மரவள்ளி தனி ரகம். அதில் 38 கிராம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் 100 கிராம் மரவள்ளித் துண்டு கிட்டத்தட்ட ஒரு முழுக் கப் சோறு என்று கொள்ளுங்கள்.

மறுபக்கம் பாருங்கள். கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 100 கிராமுக்கு நாரோடு சேர்த்தே 10 கிராம் அளவில்தான் இருக்கிறது. டர்னிப்பில் 6 கிராம், முள்ளங்கியில் 3 அல்லது 4. ஒரு கிண்ணம் முள்ளங்கிப் பொரியல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பயத்தை இன்றே விட்டுவிடலாம்.

பிடிகருணை பற்றி ஒரு சொல். தேரையர் பெயரில் வழங்கிவரும் நோயணுகா விதியில் கிழங்குகளில் கருணைக்கு மட்டும் இடம் உண்டு. அதை வைத்து, சர்க்கரை உள்ளவர்களும் கருணைக்கிழங்கை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உடல்நலத்துக்கான பொது ஒழுக்கமாகச் சொல்லப்பட்டது. இரத்தச் சர்க்கரையை அளந்து சொன்னதல்ல. கருணையிலும் மாவு இருக்கிறது. அதுவும் சோற்றுக் கணக்குதான். பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் வாங்கும் சிறுகிழங்குக்கும் இதே கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் அதன் மணத்தை யாரும் இழக்க வேண்டியதில்லை. அன்று சோற்றில் இரண்டு கரண்டி குறைத்துக்கொண்டால் போதும்.

பனங்கிழங்கை வேகவைத்து நார் உரித்துத் தின்பது வேறு, காயவைத்து மாவாக்குவது வேறு. வேகவைத்த கிழங்கில் நீரும் நாரும் இருப்பதால் மெல்லவே நேரம் பிடிக்கும், ஒன்றிரண்டுக்கு மேல் ஓடாது. யாழ்ப்பாணத்து ஒடியல் அதே கிழங்கு காய்ந்தது. நீர் போய்விடுவதால் அதே எடையில் மாவு செறிந்திருக்கும். ஒடியல் கூழ் குடிக்கும் நாளில் அதற்குள் மீனும் இறாலும் பயற்றங்காயும் கீரையும் கூடுதலாகவும் மாவு குறைவாகவும் இருக்கட்டும். அந்தக் கூழே ஒரு வேளைச் சாப்பாடு. அதற்கு மேல் சோறு வேண்டாம்.

ஜவ்வரிசியை மறந்துவிடாதீர்கள். விரத நாளில் "சோறு இல்லை, ஜவ்வரிசி உப்புமாதான்" என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் பலர். சேலத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து நாரும் சாறும் நீக்கி, வெறும் மாவை மட்டும் உருட்டி வருவதுதான் அது. உலர்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவு இருக்கிறது. புரதமும் நாரும் பேருக்குக்கூட இல்லை. மண்ணுக்கு அடியில் விளைவதை விலக்கு என்ற விதியால் கேரட்டை விட்டவர்கள், அதே விதி விலக்க வேண்டிய ஜவ்வரிசியை அடையாளம் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு நான் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லும் கிழங்குப் பண்டம் இது ஒன்றுதான்.

கேரட்டின் மேல் விழுந்த பழி

1981இல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் உணவுகளுக்கு ஒரு புதிய அளவுகோலை வெளியிட்டார்கள். கிளைசீமிக் குறியீடு என்று இன்று எல்லோரும் சொல்வது அதுதான். ஒரு உணவிலிருந்து 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவைச் சாப்பிடவைத்து, அடுத்த இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளப்பார்கள். அதே அளவு குளுக்கோஸ் குடித்தால் ஏறுவதை 100 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். அந்த முதல் பட்டியலில் கேரட்டுக்கு 92 வந்தது. உருளைக்கிழங்கையே மிஞ்சிய எண். பத்திரிகைகளும் உணவுக் குறிப்புகளும் அதைப் பிடித்துக்கொண்டன. கேரட் சர்க்கரை நோயாளிகளின் எதிரியானது.

பின்னாளில் மீண்டும் அளந்தபோது கேரட்டின் எண் 40 அளவுக்கு இறங்கிவிட்டது. சரி, முதலில் வந்த 92 உண்மையாகவே இருந்திருந்தாலும் நமக்கு அதனால் என்ன? 50 கிராம் மாவுச்சத்து கேரட்டிலிருந்து கிடைக்க வேண்டுமானால் ஒரே உட்காரலில் முக்கால் கிலோ அளவுக்குத் தின்ன வேண்டும். அப்படி யார் சாப்பிடுகிறார்கள்? குறியீடு வேகத்தைச் சொல்கிறது, தட்டில் இருக்கும் அளவைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் இருக்கும். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை பொன்னி அரிசிச் சோற்றை அளந்தபோது 70 வந்தது. அந்தச் சோற்றை நாம் இரண்டு கப், மூன்று கப் என்று சாப்பிடுகிறோம். நம் கவலை அங்கே இருக்க வேண்டும்.

பீட்ரூட்டுக்கும் இதே நியாயம்தான். இனிப்பாக இருப்பதால் பயப்படுகிறார்கள். ஒரு வேளைக்கு நாம் சாப்பிடும் பீட்ரூட் பொரியல் 75 கிராம் இருக்கும். அதில் வரும் மாவுச்சத்து 7 கிராம் அளவுதான். தேங்காயும் கடலைப்பருப்பும் சேர்ந்தால் அதுவும் மெதுவாகத்தான் சேரும். மறுநாள் காலையில் சிறுநீர் சிவந்து போனால் பதற வேண்டாம், அது பீட்ரூட்டின் நிறம்.

இந்த இரண்டிலும் ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. சாறு பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும். ஒரு பெரிய தம்ளர் கேரட் சாறுக்கு அரைக் கிலோ கேரட் வேண்டும். மென்று தின்றால் அரை மணி ஆகும் கேரட்டின் சர்க்கரை முழுவதும் ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது. நடைப்பயிற்சி முடித்துவிட்டுப் பூங்கா வாசலில் கேரட், பீட்ரூட் சாறு குடிப்பதை ஆரோக்கியம் என்று நம்புகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காயை வாங்கிக் கடித்துச் சாப்பிடுங்கள். கேரட் அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே குற்றவாளி கேரட் இல்லை.

அடுப்பில் நடப்பது

பச்சைக் கிழங்கின் மாவு கெட்டியான மணிகளாக இருக்கிறது; நம் குடல் அதை எளிதில் உடைக்க முடியாது. தண்ணீரும் சூடும் சேரும்போது அந்த மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, கஞ்சியாகக் குழைகின்றன. செரிமான நொதிகள் அதன்மேல் வேகமாக வேலை செய்கின்றன, குளுக்கோஸ் இரத்தத்தில் சேர்கிறது. எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு வேகம். ஆகவே ஒரே உருளைக்கிழங்கு, தோலோடு அளவாக வெந்த துண்டாக இருக்கும்போது ஒரு விதமாகவும், நன்றாக வேகவிட்டு மசித்தபோது இன்னொரு விதமாகவும் சர்க்கரையை ஏற்றும். பூரிக்கு வைக்கும் மசியல் இரண்டாவது வகை. கூடவே பூரியும் மாவு. மசால் தோசையும் அப்படித்தான். தோசைக்குள் இன்னொரு தோசையளவு மாவை வைத்துச் சாப்பிடுகிறோம். ஆசையாக இருந்தால் ஒரு மசால் தோசையோடு நிறுத்திக்கொண்டு, சாம்பாரைக் கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைவள்ளியில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஜமைக்காவில் பத்து இரகச் சர்க்கரைவள்ளியை வெவ்வேறு விதமாகச் சமைத்து அளந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வேகவைத்த கிழங்கின் குறியீடு 41 முதல் 50 வரை. அதே கிழங்கை அடுப்பில் வாட்டியோ தணலில் சுட்டோ எடுத்தபோது 80ஐ ஒட்டியும் 90ஐத் தாண்டியும் போனது. ஒரே கிழங்கு இருமடங்கு வேகம். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. சுடும்போது கிழங்கின் உள்ளே சூடு மெதுவாக ஏறுகிறது. மாவை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்கும் நொதி கிழங்கிலேயே இருக்கிறது, அதற்கு வேலை செய்ய நிறைய நேரம் கிடைக்கிறது. நீரும் வற்றுகிறது. சுட்ட வள்ளிக்கிழங்கு தேனாக இனிப்பதும் அதனால்தான். ஆகவே சர்க்கரைவள்ளி வேண்டுமென்றால் தோலோடு வேகவையுங்கள். வெல்லப்பாகு, தேங்காய்ப்பால் எதுவும் சேர்க்காமல், மாலை நேரப் பலகாரத்துக்குப் பதிலாக 100 கிராம். சுண்டலோடு சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது.

வெந்த கிழங்கு ஆறும்போது வேறொரு மாற்றம் நடக்கிறது. குழைந்த மாவின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, குடலில் செரிக்காத வடிவத்துக்குப் போகிறது. நாரைப் போலவே அது பெருங்குடல் வரை சென்று அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வேகவைத்த உருளைக்கிழங்கை இரவு முழுவதும் குளிரவைத்து மறுநாள் வினிகர் சேர்த்துக் கொடுத்தபோது, சுடச்சுடச் சாப்பிட்டதைவிடச் சர்க்கரையும் இன்சுலினும் தெளிவாகக் குறைவாகவே ஏறின. குளிரூட்டியதும் புளிப்பும் சேர்ந்து தந்த பலன் அது. நம் சமையலில் இதைச் செய்ய வழி இருக்கிறது. முந்தின நாள் இரவே உருளையைத் தோலோடு வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளியே மேடையிலேயே விட வேண்டாம், கெட்டுப்போகும். மறுநாள் நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துப் பிரட்டி, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். மீண்டும் சூடாக்கினாலும் இறுகிய மாவின் ஒரு பகுதி அப்படியே இருக்கும். சேனையையும் சேம்பையும் நாம் புளி விட்டே சமைத்து வந்திருக்கிறோம். தொண்டை அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகளுக்காகச் செய்தது அது. புளிப்பும் உணவும் சேர்ந்து இருப்பது சர்க்கரைக்கும் நல்லதே.

இதைக் கேட்டுவிட்டு, ஆறவைத்த கிழங்கு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைவது ஒரு பகுதிதான், மாவின் பெரும்பங்கு செரிக்கக்கூடியதாகவே இருக்கும். அளவு அதே அளவு.

வறுவலுக்கு வருவோம். எண்ணெயில் பொரித்த கிழங்கு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும், அதனால் இரண்டு மணி நேரத்தில் எடுத்த சர்க்கரை குறைவாகக்கூடத் தெரியலாம். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஏற்றம் தள்ளிப்போயிருக்கும், எண்ணெயின் கலோரி உடம்பில் தங்கும், எடை கூடும், எடை கூடக் கூட இன்சுலின் சரியாக வேலை செய்யாது. 2025இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறை ஊழியர்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. வாரத்துக்கு மூன்று முறை பிரெஞ்ச் ஃபிரைஸ் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. வேகவைத்தோ சுட்டோ மசித்தோ சாப்பிட்டவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. அந்த ஆய்வில் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கும் இடம் இன்னொன்று: உருளைக்கிழங்குக்குப் பதில் முழுத்தானியம் சாப்பிட்டால் வாய்ப்பு குறைகிறது, வெள்ளை அரிசி சாப்பிட்டால் கூடுகிறது. இது நோய் வருவதைப் பற்றிய ஆய்வு, வந்த நோயைக் கட்டுப்படுத்துவதைப் பற்றியதல்ல. ஆனாலும் உருளையை ஒதுக்கிவிட்டுச் சோற்றை அள்ளிப்போடும் நம் பழக்கத்துக்கு அது நேரான பதில்.

தட்டை அமைக்கும் முறை

மதியத் தட்டைப் பாதியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாதி முழுவதும் காய்கறி, கீரை. மறு பாதியில் ஒரு பங்கு பருப்பு, மீன், முட்டை, கோழி, தயிர் ஆகியவற்றில் ஏதாவது. மீதிக் கால்பங்கு மாவுக்கு. சோறோ சப்பாத்தியோ கிழங்கோ, எல்லாமே அந்தக் கால்பங்குக்குள் அடங்க வேண்டும். உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்கறிப் பாதியில் வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பருப்புச் சாம்பார், அப்பளம் என்றிருக்கும் தட்டில் காய் என்று எதுவுமே இல்லை.

நடைமுறையில் ஒரு வேளைக்கு 40 முதல் 45 கிராம் மாவுச்சத்து என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது ஒரு கப் சோறு. அதில் 100 கிராம் சேனை வறுவல் வேண்டுமென்றால் சோறு அரைக் கப்பாகிவிடும். காலியான இடத்தை அவரைக்காய், கொத்தவரங்காய், முட்டைக்கோஸ், கீரை நிரப்பட்டும். குருமாவில் இரண்டு துண்டு உருளை கிடந்தால் அதற்குக் கணக்குப் போட்டு மனதை அலைக்கழிக்க வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கும்போது, ஒரு கிலோ காய்கறிக் கலவையில் கிழங்கு கால் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சேர்ந்ததே ஒரு வேளை உணவு. அந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தபோது, 1880களில் விசாகம் திருநாள் மன்னர் பஞ்சத்துக்குத் துணையாக இருக்கும் என்று மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். ஏழைகளின் பசியை அது பல தலைமுறைகளாகத் தீர்த்தது. அந்த உணவை விடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் அமைப்பே நம் கணக்குக்குப் பொருந்தி வருகிறது: கிழங்குதான் சோறு, மீன்தான் புரதம். தவறுவது அளவில்தான். குவித்து வைத்த ஒரு தட்டுக் கிழங்கு 300 கிராமைத் தாண்டும், அதாவது மூன்று கப் சோற்றுக்கு அருகில் வரும். 100 கிராமோடு நிறுத்தி, மீனை இரண்டு துண்டாக்கி, ஒரு கிண்ணம் முருங்கைக்கீரையோ பீன்ஸ் துவரனோ சேருங்கள். மரவள்ளியை நிறைய நீரில் திறந்து வைத்து வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுவது கட்டாயம். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது.

சாப்பிடும் வரிசையும் உதவும். நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இருவிதமாகக் கொடுத்தார்கள். காயும் இறைச்சியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் கடைசியில் என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பதினோரு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் காசு செலவில்லாத, தீங்கில்லாத பழக்கம். கூட்டையும் பொரியலையும் முதலில் பாதி முடித்துவிட்டு, பிறகு சோற்றுக்கும் கிழங்குக்கும் வாருங்கள்.

உங்கள் உடம்பில் அளந்து பாருங்கள்

ஒரே அளவு கிழங்குக்கு இரண்டு பேருடைய சர்க்கரை ஒரே மாதிரி ஏறாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இந்தப் புத்தகத்தில் உள்ள எண்களைவிட உங்கள் விரல் நுனி சொல்வதற்கே மதிப்பு அதிகம். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிடாதீர்கள். ஒரு நாள் ஒரு கப் சோறும் அவரைப் பொரியலும். இன்னொரு நாள் அதே நேரத்தில், அதே மாத்திரையோடு, அரைக் கப் சோறும் 100 கிராம் சேனையும். இரண்டு நாளின் ஏற்றத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். வறுவல் சாப்பிட்ட நாளில் மூன்றரை மணி நேரத்திலும் ஒரு முறை பாருங்கள்.

இரண்டு மணி நேர அளவு பெரும்பாலானோருக்கு 180க்குக் கீழே இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை என்றால் 120க்குக் கீழே. வயது முதிர்ந்தவர்களுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்தியும் சொல்வார். நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் 165க்கும் 175க்கும் இடையில் பொருள் தேடாதீர்கள். 150க்கும் 220க்கும் இடையில் பொருள் இருக்கிறது. ஒரே சோதனையை இரண்டு மூன்று நாள் செய்து பார்த்தபின் முடிவெடுங்கள். சர்க்கரைவள்ளி உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து ஏறும்; சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

மாத்திரை, இன்சுலின், சிறுநீரகம்

இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும், கிழங்கையும் சோற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் பொருந்த நிர்ணயித்தது; சாப்பாட்டை மட்டும் சட்டென்று குறைத்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய் வியர்வையும் நடுக்கமும் வரும். மாவைக் குறைக்கப் போவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தாழ்ந்துவிட்டால் கையில் இருக்கும் வள்ளிக்கிழங்கைத் தின்று சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது செரித்து ஏற நேரமாகும். 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் உடனே வேலை செய்யாது, அதை உடைக்கும் நொதியை அந்த மருந்து தடுத்திருக்கும். அவர்கள் குளுக்கோஸையே வைத்திருக்க வேண்டும். இதே மருந்துகளோடு கிழங்கு அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு உப்பிக் காற்று பிரிவதும், செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போவதால்தான். கிழங்கைக் குறைத்தால் அது அடங்கும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பல யோசனைகள் மாறிவிடும். கிழங்குகளில் பொட்டாசியம் அதிகம். உருளைக்கிழங்கில் மட்டுமே 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாதபோது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். சர்க்கரைக்காகத் தோலோடு முழுசாக வேகவைக்கச் சொன்னேன். பொட்டாசியத்துக்கு அதற்கு நேரெதிராகச் செய்ய வேண்டும். தோலைச் சீவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, நிறைய நீரில் கொதிக்கவிட்டு, நீரை வடித்துக் கொட்டினால் ஏறத்தாழப் பாதி குறையும். குக்கரில் கொஞ்சம் நீர் வைத்து அடைத்து வேகவைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. வடித்த நீரைச் சாம்பாரிலோ ரசத்திலோ சேர்க்கவும் கூடாது. இரண்டு நோயும் சேர்ந்து இருப்பவர்கள் பொட்டாசியத்துக்கே முதலிடம் கொடுத்து, சர்க்கரைக்கு அளவை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆக்சலேட் கல் வந்தவர்கள் பீட்ரூட்டையும் சேப்பங்கிழங்கையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த கிரியேட்டினின், பொட்டாசியம் அறிக்கைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிராம் என்று உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.